பொடியரிசிக் கஞ்சி

காலையில் சிவராமனின் விரல்கள் மடங்கவில்லை.

ஒரு வாரமாக நன்றாக மடங்கிக்கொண்டிருந்த விரல்கள். முந்தாநாள் சட்டைப் பொத்தானைக்கூட அவனே போட்டுக்கொண்டான். இன்று முழங்கால்கள் இரண்டும் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தன. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யாருடையதோ போலத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேரளத்தில் கர்க்கடகம் என்று சொல்லும் ஆடி மாதத்து மழை வெளியே நிற்காமல் பெய்தது.

மனைவி வனஜாக்ஷி கஞ்சிக் கிண்ணத்தோடு அறை வாசலில் நின்றாள்.

"வந்துட்டா பாரு... தண்ணியத் தூக்கிக்கிட்டு!" தங்கமணியின் குரல் பின்னாலிருந்து வந்தது. "பத்தொன்பது நாளா இதே கஞ்சி! எலும்புல பசை இருந்தா இல்ல விரல் மடங்கும்? நான் அன்னிக்கே சொன்னேன் ஏட்டா... யாரு காதுல ஏறிச்சு?"

தங்கமணி சிவராமனின் தங்கை. அண்ணனை ஏட்டன் என்றும் அண்ணியை ஏடத்தி என்றும்தான் கூப்பிடுவாள். கணவன் விட்டுப்போன பிறகு பதினைந்து வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறாள். மகள் ஸ்மிதாவுக்குத் தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அண்ணன் வளைகுடாவுக்குத் திரும்பிப் போய்ச் சம்பாதித்தால்தான் அந்தக் கல்யாணம்.

"தங்கம், வைத்தியர் சொன்னதத்தானே நான்..."

"வைத்தியர் சொன்னாரு, வைத்தியர் சொன்னாரு! பத்தியம்னா படுத்தவன எழுப்பி உக்கார வைக்கணும் ஏடத்தி. நீ உக்காந்தவரப் படுக்க வைக்கப் பாக்கற! ஓண மாசம் முடியறதுக்குள்ள ஏட்டன் விமானம் ஏறலேன்னா விசா போச்சு. போச்சுன்னா இங்கயே கெடப்பாரு... உனக்கு அதானே வேணும்? சொல்லு! அதானே வேணும்?"

வனஜாக்ஷி கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்குக் காரணம் தெரியும். விடிவதற்கு முன் அவன் முட்டிக்கு எண்ணெய் தடவப் போனபோதே தெரிந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவனின் வலது கையில் மத்தி மீன் வறுத்த வாசனை. இந்த வீட்டில் பத்தொன்பது நாளாக மீன் வாங்கவில்லை. நேற்று மத்தியானம் அவள் அங்காடிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது இருப்புச்சட்டி வழக்கத்தைவிடச் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஐம்பத்திரண்டு வயது மனிதன் ஒளிந்து மீன் தின்றான் என்பதை எந்த வாயால் சொல்வது? அவள் சொல்லவில்லை. கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

கல்யாணமாகி இருபத்துநாலு வருடம். அவனுடைய விடுமுறைகளையெல்லாம் கூட்டினால் சேர்ந்து இருந்தது மூன்று வருடம் தேறாது. குழந்தை இல்லை. அவன் எந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் வரும் என்றுகூட இந்தப் பங்குனியில் அவன் வந்து படுத்த பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவன். நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு. ராத்திரியில் தயிரும் குளிர்ந்த பானமும். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வந்த வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை. ஆறு மாத விடுப்பில் வந்து இறங்கியபோது அவன் பையில் துணியைவிட மருந்துதான் அதிகம். மூன்று மாதம் அதையே தின்று பார்த்தான். பிறகுதான் ஒற்றப்பாலத்தில் வைத்தியர் கோவிந்த வாரியரிடம் போனார்கள்.

வாரியர் நாடி பார்த்தார். நாக்கைப் பார்த்தார்.

"இவன் வயித்துல அடுப்பு அணைஞ்சு கெடக்கு. அணைஞ்ச அடுப்புல வெறகத் திணிச்சா எரியாது, புகையும். அந்தப் புகைதான் மூட்டு மூட்டா நிக்குது. கஷாயம் அப்புறம். முதல்ல சோறு. நாப்பத்தோரு நாள் நான் சொல்றத மட்டும் தின்னட்டும்."

கடினமாக எதுவும் சொல்லவில்லை. காலையில் சுக்கும் சீரகமும் தட்டிப்போட்டு நொய்யில் காய்ச்சிய பொடியரிசிக் கஞ்சி. மத்தியானம் பழைய செந்நெல் அரிசிச் சோறு, சிறுபயறு, பூசணியோ புடலையோ, மஞ்சளும் கறிவேப்பிலையும் போட்டுச் சுட வைத்த நீர்மோர். பொழுது சாயும் முன்பே ராத்திரிக் கஞ்சி. குடிக்க மல்லி போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர். இந்துப்பு ஒரு சிட்டிகை. புளி, தயிர், உளுந்து, மீன், பொரித்தது எதுவும் ஆகாது. பசித்த பிறகுதான் சாப்பாடு. பசிக்காவிட்டால் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது வனஜாக்ஷிக்குப் புதிதல்ல.

அன்று பதினோரு மணிக்கு மூவரும் வாரியர் வீட்டுக்குப் போனார்கள். தங்கமணி அண்ணனுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கு இதை வைத்தியர் முன்னாலேயே பேசித் தீர்ப்பது என்று கிளம்பியிருந்தாள்.

வாரியர் அவளைப் பேசவிடவில்லை. சிவராமனின் நாக்கைப் பார்த்தார். வெள்ளையாகப் படிந்திருந்தது. வயிற்றை ஒரு விரலால் அழுத்தினார்.

"மீனு," என்றார். "கூட உளுந்து வடையோ என்னமோ. யாருடா குடுத்தது?"

தங்கமணி குடைக் கம்பியைப் பிடித்துத் திருகினாள். சிவராமன் தரையைப் பார்த்தான்.

"நான்தான்," என்றாள் வனஜாக்ஷி.

தங்கமணி சட்டென்று நிமிர்ந்தாள்.

"நீயா?" வாரியர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்தொன்பது நாள் பாத்துப் பாத்து ஆக்கிப்போட்ட நீயா?"

"வாய்க்கு ருசியாக் கேட்டாரு... மனசு கேக்கல. தப்புதான்."

"தப்புதான்! ஒரு வாய் மீனுக்கு ஏழு நாள் கூடப் போச்சு. எட்டு நாளாக்கூட ஆகும். இனி நடந்தா எங்கிட்ட வராதீங்க." எண்ணெய் வாங்கிக்கொள்ளச் சொல்லி மற்ற இருவரையும் பின்கட்டுக்கு அனுப்பினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மீன் குடுத்த கை இது இல்லேன்னு எனக்குத் தெரியும். அது போகட்டும். வேற ஒண்ணு கேக்கறேன். முட்டி சரியானா இவன் பறந்துடுவான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"நீ ஒழுங்கா ஆக்கிப் போடப் போட அவன் போற நாள் கிட்ட வருது."

"ஆமா."

"அப்புறமும் ஆக்கிப் போடற!"

வனஜாக்ஷி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "வலியோட ஒருத்தர் எங்கூட இருந்து, அவருக்கு என்ன சுகம்... எனக்குத்தான் என்ன சுகம்? நல்லா ஆகட்டும். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பி வந்த தங்கமணி கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். இதை முழுவதும் கேட்டாள். குடையை எடுக்காமலே திரும்பிப் போய் மழையில் நின்றாள்.

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்துதான் வந்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் தனியாகத்தான் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு சிவராமன் பத்தியத்தை மீறவில்லை. நன்றியும் சொல்லவில்லை. வைத்ததைச் சாப்பிட்டான், கிண்ணத்தைத் தானே கழுவினான். தங்கமணி ஏச்சை நிறுத்தினாள்.

இருபத்தைந்தாம் நாள் வீக்கம் வடிந்தது. முப்பதாம் நாள், "பசிக்குது," என்று அடுக்களை வாசலில் வந்து நின்றான். அவள் உள்ளே திரும்பி அரிசி களைவதுபோல் நின்றுகொண்டாள். அவனுக்குப் பசித்ததில் வந்த சந்தோஷத்தை அவன் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தாள். அதற்குப் பின்னாலேயே வந்த இன்னொன்றையும்.

முப்பத்தாறாம் நாள் கிணற்றில் இரண்டு வாளி இறைத்தான். நாற்பதாம் நாள் ஏணி வைத்து ஏறி, கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மாற்றினான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். ஒவ்வொரு படியாக அவன் ஏற ஏற அவள் நெஞ்சில் ஒவ்வொரு படியாக எதுவோ இறங்கியது.

ஓணத்தன்று எல்லோருக்கும் இலை போட்டாள். பாயசம் வரை பரிமாறினாள். சிவராமன் அவனுடைய கஞ்சியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்தான். அவளும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு, நாலடி தள்ளி உட்கார்ந்தாள்.

"நீ போய் இலைல சாப்பிடு," என்றான்.

"நீங்க தனியா உக்காந்தா எனக்கு எறங்காது."

அவன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அங்கே எத்தனை ஓணம் தனியாகச் சாப்பிட்டிருப்பான் என்று அவள் கேட்கவில்லை. இங்கே அவள் எத்தனை ஓணம் என்று அவனும் கேட்கவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் வாரியர், "போதும்டா, ஓடிப் போ," என்று முதுகில் தட்டி அனுப்பினார். அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டாகிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. மறுநாள் சாயங்காலம் கொச்சியிலிருந்து விமானம். வனஜாக்ஷி சிறு சிறு துணிப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிவராமன் ஒன்றை எடுத்தான். மேலே காகிதம் ஒட்டி, குண்டு எழுத்தில் எழுதியிருந்தது. 'காலை. ஒரு பிடி. நாலு டம்ளர் தண்ணீர்.' இன்னொன்றில், 'ராத்திரி. இருட்டும் முன்னால்.' மூன்றாவதில், 'சுக்கு. வயிறு எரிஞ்சா வேண்டாம்.' மூன்று மாதத்துக்குப் போதும்படி கட்டியிருந்தாள்.

பையை வைத்துவிட்டு அவன் உட்கார்ந்தான்.

"வனஜா..."

இந்த ஆறு மாதத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு மீன் தின்னது உனக்குத் தெரிஞ்சிருந்தது. காலைலயே தெரிஞ்சிருந்தது. ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்க பதில் சொல்லணும்." அவள் பையைச் சுருக்கிட்டாள். "நீங்க சொல்லலேன்னா... அப்புறம் நான் இந்த வீட்டுல எப்படி இருக்கறது?"

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"பழி எல்லாம் உம்மேல விழ விழ நான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்டி... லாரி ஓட்டறவன், சிங்கம் மாதிரி உக்காந்திருந்தேன்! ஒரு மீன் துண்டுக்கு!"

"விடுங்க. வயசான காலத்துல..."

"விட மாட்டேன். நீ சொல்லு. நான் போகட்டுமா? வேண்டாமா?"

வனஜாக்ஷி நிமிர்ந்தாள். இருபத்துநாலு வருடத்தில் ஒவ்வொரு தடவையும் வாசல் படலைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறாள். வேறு எதையும் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"அது... எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லியே..."

"ஏடத்தி சொல்ல மாட்டா."

வாசலில் தங்கமணி. கண் சிவந்து, மூக்கு சிவந்து.

"அவ சொல்ல மாட்டா ஏட்டா, நான் சொல்றேன். போகாத! மீன் வறுத்தது நானு. வடை சுட்டது நானு. அண்ணன் வாய் செத்துக் கெடக்குன்னு ஒளிச்சு வெச்சுக் குடுத்துட்டு, மறுநாள் இவமேலயே பாய்ஞ்சேன்... பாவி நான்! வைத்தியர் வீட்டுல இவ என்ன சொன்னான்னு உனக்குத் தெரியுமா? நீ சரியானா போயிடுவேன்னு தெரிஞ்சுதான் ஆக்கிப் போட்டா. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். கேட்டும் இத்தன நாள் வாயத் தெறக்கல... எம்பொண்ணு கல்யாணம் நின்னு போயிடுமோன்னு பயம்!"

"தங்கம், போதும்..."

"போதாது ஏடத்தி! என்னத் திட்டு! ஒரு தடவையாவது திட்டு!"

தங்கமணி அப்படியே அவள் காலடியில் சரிந்தாள். வனஜாக்ஷி குனிந்து தூக்கினாள். தூக்கும்போதே இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் பதினைந்து வருடம் இருந்தவர்கள். தொட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"உன்னத் திட்டறதுக்கு என்ன இருக்கு... எங்கிட்ட வார்த்தையே இல்ல போ," என்றாள் வனஜாக்ஷி.

"அப்ப கல்யாணம்?" என்றான் சிவராமன் தங்கையிடம்.

"அம்பலத்துல சாமி முன்னால மாலை மாத்திட்டு, நம்ம முற்றத்துல சோறு போடுவோம். மாப்பிள்ள வீட்டுக்காரன் முறுக்கினா முறுக்கட்டும். நான் பேசிக்கறேன். என் வாயப் பத்தி உனக்குத் தெரியாதா?"

சிவராமனுக்குச் சிரிப்பு வந்தது. கைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

வளைகுடா முதலாளியோடு அரபியில் பேசினான். அடுக்களை ஜன்னல் வழியாக வனஜாக்ஷி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவன் வாழ்க்கையில் பாதிக்கு மேல் இந்த மொழியில்தான் போயிருக்கிறது. சிரித்தான். பிறகு யாரோ கோபப்படுவதைக் கேட்பவன் மாதிரித் தலையாட்டினான். ஒரு தடவை நெஞ்சில் கை வைத்தான். போகிறானா, இருக்கிறானா? அவன் முதுகை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. அரிசிப் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பேசி முடித்து உள்ளே வந்தான்.

"நாளைக்கு ராத்திரி எனக்கும் சேத்து அரிசி போடு," என்றான்.

அவள் தலையாட்டினாள். பானையை இறக்கி வைத்தாள். பின்வாசல் வழியாக இறங்கிக் கிணற்றடிக்குப் போய், துவைகல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமாக அழுதாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது அழுது அவளுக்குப் பழக்கமில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

"நீங்க உள்ள போங்க," என்றாள். "மழை வருது... போங்க."

அவன் போகவில்லை.