மூக்கு வட்டமாகத் தெரிந்தால்

என்ஜினைக் கழற்றி இத்தாலிக்கு அனுப்பி மூன்று கிழமையாகியிருந்த காரின் புகைக்குழாய், அன்று காலை சூடாக இருந்தது.

லதீசன் கையை எடுத்தான். மறுபடி வைத்துப் பார்த்தான். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான சட்டியின் சூடு. வெளியே ஒஸ்லோவில் டிசம்பர் மாதம். எட்டரை மணிக்கும் விடியாத வியாழக்கிழமை. குளிரில் மூக்குமயிர் விறைத்துப்போகிற அளவு. மலைப்பாறையைக் குடைந்து கட்டிய அந்தப் பட்டறைக்குள் கதவடியில் ஒரு சின்ன ஹீட்டர் மட்டும் இருந்தது. அதுவும் இரவில் அணைந்துதான் கிடக்கும். அதன் சூடென்றால் காரின் உடம்பும் சுட்டிருக்க வேண்டும். சுட்டது குழாய் மட்டும்.

யாரிடம் போய்ச் சொல்வது? முதலாளி நல்ல மனிதர், ஆனால் அளந்து பார்க்க முடியாத எதையும் நம்பாதவர். லதீசன் கையுறையைப் போட்டுக்கொண்டான்.

பதினேழு வருடங்களாக அவன் பழைய கார்களின் அலுமினிய உடம்பைத் தட்டி நிமிர்த்துகிறவன். தோல் பையில் மணலை நிரப்பி, அதன்மேல் தகட்டை வைத்து, மரச் சுத்தியலால் சொல்லிச் சொல்லி வளைக்கிற வேலை. அவசரப்பட்டால் தகடு கிழிந்துவிடும். அவனிடம் கிழிந்ததில்லை. அதனால்தான் இந்தக் கார் அவனிடம் வந்தது.

உலகத்தில் இது ஒன்றுதான். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்தில், தூரின் நகரத்தில், பெயர் பெரிதாக வெளியே தெரியாத ஒரு பட்டறையில் நாலைந்து பேர் கையால் தட்டிச் செய்தது. அந்தக் காலத்து இத்தாலியர்களுக்கு ஜெட் விமானம் என்றால் பைத்தியம். பின்பக்கம் இரண்டு வால் இறக்கை. அவற்றுக்கு நடுவே நெருப்புக் கக்குவதற்கென்றே வைத்ததுபோல இரண்டு அகலக் குழாய்கள். கூரைக்குப் பதிலாக விமானிக்கு மேலே கவிழ்ப்பதுபோல ஒரு கண்ணாடிக் கூடு. முன்னால் விளக்கு, கம்பி வலை என்று எந்த அலங்காரமும் இல்லாமல் வட்டமாகத் திறந்த ஒரே வாய், அதன் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கூம்பு.

காரின் சொந்தக்காரி லீசா, தகப்பன் விட்டுப்போன சொத்தை ஒரு கண்காட்சிக்குத் தயார்படுத்துகிறவள். முதல் நாள் அந்த வாயைத் தடவிக்கொண்டு, "இப்பவே பறந்துவிடும் போல இல்லையா?" என்று கேட்டாள். லதீசன் ஆமென்று சொல்லிவைத்தான். வேலைக்காரன் வேறென்ன சொல்வான்? தலைக்குமேல் அந்த வாயைக் காணாதவர்களுக்கு அது அழகு. கண்டவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு அதற்கே மெருகு போட வேண்டும். இப்படியொரு பிழைப்பு.

சண்டைக் காலத்தில் ஊரில் குண்டு போட வருகிற ஜெட்டை சுப்பர்சொனிக் என்பார்கள். சத்தம் பின்னால்தான் வரும். அதனால் காதை நம்பக்கூடாது, கண்ணை நம்ப வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். இறக்கையும் வாலும் பக்கவாட்டில் தெரிந்தால் அது வேறு யாருக்கோ போகிறது. மூக்கு வட்டமாகத் தெரிந்தால் அது உனக்கு. பங்கருக்குள், மண்ணில் வெட்டிய பதுங்குகுழிக்குள், குதி.

பதினொரு வயதில் ஒரு நாள் வீட்டுக்குப் போகிற ஒடுங்கிய ஒழுங்கையில் அவனுக்கு அது வட்டமாகத் தெரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுத் தங்கச்சி நடந்துகொண்டிருந்தாள். "கை நழுவிட்டுது" என்றுதான் அம்மாவிடம் சொன்னான். பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னான், மனைவியிடமும்கூட. கை நழுவவில்லை. அவள் விரல்களை இறுக்கித்தான் வைத்திருந்தாள். அவன் உதறினான், இரண்டு தரம். முதல் தரத்தில் அவள் விடவில்லை. அன்றோடு தங்கச்சி இல்லை.

தனக்கொரு பெண் பிள்ளை பிறந்தபோது அவன் சந்தோஷப்பட்டதைவிடப் பயந்ததுதான் அதிகம். யதுர்ஷாவை ஒருநாளும் தெருவில் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அது மனைவியின் வேலையாக இருந்தது. இருபது வயதாகிவிட்ட மகளிடம் அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: இவளையாவது விட்டுவிட்டு ஓடாத மனிதனாக இருந்துவிட வேண்டும். அப்படி ஒரு சோதனை வராமலே செத்துவிட்டால் இன்னும் நல்லது.

யதுர்ஷா வடிவமைப்புப் படிக்கிறாள். இந்தக் காரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறாளாம்; நேரில் பார்க்க வேண்டுமென்று மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் சாட்டுச் சொன்னான். கெட்டிக்காரி, நேரே லீசாவுக்கே எழுதி அனுமதி வாங்கிவிட்டாள். சனிக்கிழமை பின்னேரம் வருகிறாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கார் திரும்பியிருந்தது.

முந்தின நாள் பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மூக்கு, இப்போது அவனுடைய வேலை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி தரையில் சரிவு இருக்கும் என்றார். சரிவில் உருளுகிற கார் முன்னுக்கோ பின்னுக்கோ போகும், நின்ற இடத்திலேயே திரும்புமா? அன்று முழுவதும் லதீசன் குனிந்தபடி வேலை செய்தான், உச்சந்தலையில் யாரோ விரலை வைத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பத்து மணிக்குப் பிறகு மண்ணெண்ணெய் மணந்தது, ஜெட் விமானங்கள் குடிக்கிற எண்ணெய். மெல்லியதாக, பிறகு தொண்டையில் ஒட்டுகிற அளவுக்கு, பட்டறையில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லாதபோதும்.

அவனுக்குத் தெரிந்த காவல் ஒன்றுதான். சாப்பாட்டு நேரத்தில் குறொன்லாண்டுக்கு ஓடிப்போய்த் தமிழ்க் கடையில் எலுமிச்சைப் பெட்டியைக் கிளறி நாலு தேசிக்காய் வாங்கிவந்தான். முதலாளி போனபிறகு, அம்மாளாச்சியை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தான். இனி இது அசையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கதவைப் பூட்டினான்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கே நன்றாக இருண்டுவிட்டது. யதுர்ஷா வெஸ்ட்லியிலிருந்து சுரங்க ரயிலில் வந்து, சப்பாத்தில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். முதலாளி மலை வீட்டுக்குப் போயிருந்தார். பட்டறையில் அவர்கள் இரண்டு பேரும்தான்.

"ஐயோ அப்பா, என்ன வடிவு!" என்று வாயைப் பொத்தினாள். "இதை வைச்சுக்கொண்டோ எனக்குக் காட்ட மாட்டன் எண்டனீங்கள்?"

"பாத்தாச்செல்லோ. படத்தை எடு, போவம்."

"பொறுங்கோ. அந்தக் காலத்திலை எல்லாருக்கும் ஜெட் எண்டால் எதிர்காலம், அப்பா. சண்டை முடிஞ்சுது, இனி சந்தோசமாப் பறக்கலாம் எண்டு நினைச்சவை. அதாலைதான் இந்த வாய், இந்த வால். உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது" என்றான் லதீசன். வேறு எதையும் சொல்ல வேண்டுமானால் ஒழுங்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் கைபேசியை நீட்டியபடி காரைச் சுற்றி வந்து, திடீரென்று குனிந்து சிரித்தாள். "இதென்ன, தேசிக்காயோ? ஆர் வைச்சது, நீங்களோ?"

லதீசன் குனிந்து பார்த்தான். நாலு சக்கரங்களுக்கும் அடியில் நாலு தேசிக்காய்களும் தட்டையாக நசுங்கிக் கிடந்தன. சாறு இன்னும் காயவில்லை.

"அப்பா, இது கார் முதல் முதல் ஓட வெளிக்கிடேக்கை வைக்கிறதெல்லோ? எங்கட காருக்கும் கோயிலிலை ஐயர் இப்பிடித்தானே வைச்சு ஓட விட்டவர்." அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப நீங்கள் இதை வெளிக்கிடுத்திப் போட்டியள்."

உண்மைதான். காவலுக்கென்று நினைத்து வைத்தது, பயணம் அனுப்புகிற சடங்கு. பயத்தில் எது எதற்கென்று மறந்துபோய், சும்மா நின்றதைத் தன் கையாலேயே போய்வா என்று வழியனுப்பியிருக்கிறான். இப்படி ஒரு முட்டாளை எங்கே தேடுவது!

"வா பிள்ளை, போவம்."

"ஒரு நிமிசம். உள்ளுக்கை இருந்து பாக்கட்டோ?"

"ஏறாதை. தரைத் தகடெல்லாம் வெட்டி எடுத்தாச்சு. கால் வைக்க இடமில்லை."

"சரி சரி."

அவன் சாவியையும் மேலங்கியையும் எடுக்கக் கதவுப் பக்கம் போனான். பத்து அடிதான். கண்ணாடிக் கூடு மூடுகிற சத்தம் கேட்டது. ரப்பர் உதடுகள் ஒட்டிக்கொள்ளும் ஒரு மெல்லிய உறிஞ்சல். திரும்பினான். யதுர்ஷா உள்ளே உட்கார்ந்து, சட்டத்தில் கால்களை ஊன்றி, இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணாடிக்குள் அவள் வாய் அசைவது தெரிந்தது. குரல் வரவில்லை.

மண்ணெண்ணெய் மணந்தது.

முதலில் தகரத் தட்டில் கிடந்த ஆணிகள். ஒன்றோடொன்று உரசி, மழை தொடங்குவதுபோல மெதுவாகக் கிணுகிணுத்தன. பிறகு சுவரில் தொங்கிய சுத்தியல்கள். பிறகு சப்பாத்துக்கு அடியில் தரை. குழல்விளக்கு ஒருமுறை சிமிட்டியது. பின்பக்கத்து இரண்டு குழாய்களிலிருந்தும் வெக்கை எழுந்து, அவற்றுக்குப் பின்னாலிருந்த பாறைச் சுவர் தண்ணீருக்குள் தெரிவதுபோல நெளிந்தது. என்ஜின் இருந்த இடம் வெறும் பொந்து என்று அவனுக்குத் தெரியும். தன் கையால் கழற்றியவன் அவன்.

யதுர்ஷா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். கூட்டின் பிடியைத் தேடினாள். ஒரு கையால் தேடினாள். பிறகு இரண்டு கையாலும்.

"பொறு, வாறன்!" என்று கத்தினான். இரண்டு அடி வைத்தான். உண்மையாகவே வைத்தான்.

கார் திரும்பியது.

சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே. வால் இறக்கை மறைந்தது. விலாப்பக்கம் மறைந்தது. பின்சக்கரம் மறைந்தது. மெல்ல, மெல்ல, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய்.

வட்டம்.

நடுவில் கூம்பு.

அவன் யோசிக்கவில்லை. கால்கள் யோசித்தன. பட்டறை நடுவே, கார்களுக்கு அடியில் நின்று வேலை செய்கிற குழி பாதி திறந்து கிடந்தது. ஏணியைத் தொடாமலே குதித்தான். முழங்கால் சீமெந்தில் அடித்தது. சுருண்டான். காதைப் பொத்தினான். வாயைத் திறந்து வைத்தான், சொல்லிக்கொடுத்தபடி.

அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. வானத்தைப் பழைய சீலைபோல நெடுகக் கிழிக்கிற அந்தச் சத்தம். பாறைக்குள். தலைக்கு மேலே. பல்லுக்குள்.

நின்றது.

குழிக்கு மேலே இருந்த வெளிச்சம் போய்விட்டது. கார் உருண்டு வந்து குழியை மூடி நின்றது. வெட்டி எடுத்த தரைத் தகட்டின் ஓட்டையினூடாக, எட்டிப் பிடிக்கிற உயரத்தில், இரண்டு சப்பாத்துகள் தெரிந்தன. பனி உருகி நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

யதுர்ஷாவின் சப்பாத்து.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது, தான் எங்கே இருக்கிறான் என்று. அவள் எங்கே இருக்கிறாள் என்று. முப்பத்து மூன்று வருடம் பயந்து பயந்து காத்திருந்த சோதனை வந்து, இரண்டு நொடியில் முடிந்துபோயிருந்தது.

"அப்பா?" குரல் ஓட்டை வழியாக வந்தது. "அப்பா, மேலை திறக்குதில்லை. கீழாலை இறங்கிறன். கையைத் தாங்கோ."

எழும்ப வேண்டும். எழும்பினால் போதும். ஆனால் இடமில்லை. இடது பக்கம் ஒரு தோள் அவனை நெருக்கிக்கொண்டிருந்தது. முதுகில் யாருடையவோ முழங்கால்கள். சீமெந்துக் குழிக்குள் ஈர மண் மணந்தது, வியர்வை மணந்தது, பயந்த சனத்தின் மூச்சு மணந்தது. இருட்டுக்குள் நெருக்கி அடித்துக்கொண்டு எத்தனையோ பேர், குந்தியபடி, மூச்சை அடக்கியபடி. குழியின் வாயடியிலிருந்து ஒரு கிழட்டுக் குரல், பதினொரு வயதில் பங்கருக்குள் கேட்ட அதே குரல், கேட்டது.

"வெளியிலை ஆரும் நிக்கினமோ?"

மேலே, ஓட்டை வழியாக, ஒரு கை கீழே இறங்கி இருட்டுக்குள் துழாவிக்கொண்டிருந்தது. மகளின் கை. விரல்களை விரித்தது. மூடியது. விரித்தது.

"ஒருத்தரும் இல்லை" என்றது லதீசனின் வாய்.

ஒழுங்கைப் பங்கருக்குள்ளும் அவன் இதைத்தான் சொன்னான். இதை மட்டும் தனக்குத்தானேகூட இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டதில்லை. அண்ணா அண்ணா என்று தங்கச்சி வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பங்கர் வாயை மூடட்டும் என்பதற்காக, பதினொரு வயது வாயால் சொன்னது.

"அப்பா, எங்கை நிக்கிறியள்? தெரியேல்லை. கையைத் தாங்கோவன்."

அவனுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. நெருக்கத்துக்குள் வழி எடுத்துக்கொண்டு, அவன் தோளில் ஊன்றி, கன்னத்தை உரசிக்கொண்டு ஒன்று மேலே ஏறியது. சின்னக் கை, ஆறு வயதுக் கை. நகத்துக்குள் மண். மணிக்கட்டுக்குக் கீழே அவன் பார்க்கவில்லை. அது மேலே போய், துழாவிக்கொண்டிருந்த விரல்களைத் தொட்டது.

"ஆ, பிடிச்சிட்டன்" என்றாள் யதுர்ஷா. குரலில் அழுகை நின்று நிம்மதி வந்திருந்தது. "இனி விட்டிடாதேங்கோ அப்பா."

லதீசனின் இரண்டு கைகளும் காதுகளைப் பொத்தியபடியே இருந்தன. கண்ணை மட்டும் அவனால் மூட முடியவில்லை. அந்தச் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி இறுகுவதையும், மகளின் கை ஓட்டை வழியாக முழங்கை வரை இறங்குவதையும், பிறகு தோள் வரை இறங்குவதையும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.