பின்பக்கத்துப் புள்ளிகள்

காலை 8.20. நிரோசினியின் மின்சுற்றுப்படம் களவு போயிருந்தது. ஆனால் அது அவளுடைய கொப்பியிலேயே பத்திரமாக இருந்தது. பரந்தன் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் இப்படியொரு களவு அதுவரை நடந்ததில்லை.

படகில் சேரும் தண்ணீரைத் தானே இறைக்கும் பம்புக்கு அவள் நேற்று வரைந்த படம் அது. அதே படம் சக மாணவன் றஜித்தின் ரப்லெட் திரையிலும் இருந்தது, ஒரு நாள் முந்திய திகதியோடு. அவள்தான் பார்த்து வரைந்தவள், இறுதிச் சோதனைக்கு இருக்க முடியாது என்று பொறுப்பாளர் நடராசா சொல்லிவிட்டார். எல்லோரும் ரப்லெட்டுக்கு மாறிய பிறகும் பேனையை விடமாட்டேன் என்று நின்றவள் நிரோசினி. அவள் அழுத்தி எழுதினால் மேசையே ஆடும் என்று வகுப்பில் கேலி வேறு.

"திகதி பொய் சொல்லாது, மிஸ்," என்றார் நடராசா.

மின்னியல் ஆசிரியை கமலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றத் தெரிந்தவன் கையில் திகதி எதைத்தான் சொல்லாது? இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். றஜித்தின் படத்தில் இரண்டு வயர்கள் குறுக்கிடும் இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. புள்ளி வைத்தால் வயர்கள் இணைகின்றன என்று அர்த்தம். பக்கத்து வெற்றிடத்தில் இன்னும் இரண்டு. நிரோசினியின் கொப்பித் தாளில் மூன்றும் மங்கலாகத்தான் தெரிந்தன.

8.35. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நிரோசினியோடு எதிரே உட்காரவைக்கப்பட்ட றஜித் காலாட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தப் புள்ளி ஏன்?"

"ரெண்டு வயரும் அதில சேருது, மிஸ்."

"சேர்ந்தா?"

"பம்ப் ஓடும்."

"பியூஸ்தான் போகும். மற்ற ரெண்டும்?"

"அது... சும்மா."

"நிரோசினி, உம்மட படத்தில?"

"நான் புள்ளியே வைக்கேல்ல, மிஸ். சோதனைக்கு விடாட்டியும் அதைத்தான் சொல்லுவன்."

கமலேஸ்வரி தாளைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கக் கணக்கு. கடைசி வரியில், 'ஆகவே' என்பதற்கான மூன்று புள்ளிகள்: ∴.

"இந்த மைதான் அங்கால ஊறியிருக்கு, சேர். றஜித் கொப்பியைப் போட்டோ எடுத்து, அதுக்கு மேல கோடு இழுத்திருக்கிறான். ஊறின மையையும் விடேல்ல. திகதியை மாத்தினவனுக்கு இது விளங்கேல்ல. என்ன றஜித்?"

கால் நின்றுவிட்டது. "ஓம், மிஸ். நேற்று இடைவேளைக்கை எடுத்தனான்."

நடராசா தொண்டையைச் செருமினார். "சரி பிள்ளை, நீர் சோதனைக்கு இரும். ஆனா இனி ரப்லெட்டில எழுதும். இந்தக் கரைச்சலெல்லாம் வராது."

நிரோசினி கொப்பியை எடுத்துக்கொண்டாள்.

"அதுக்குப் பின்பக்கம் இருக்கோ, சேர்?"