பச்சைப் பொட்டலம்

யாரும் கேட்காமலேயே இயந்திரத்திலிருந்து லேபிள் ஒன்று வெளியே வந்தது. மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். வான்-ரூ அதைக் கிழித்துப் பார்த்தாள். பார்கோடு கருகருவென்று இருந்தது. நோயாளி பெயரும் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை. கீழே ஓர் எண் மட்டும்: மீதி 18.4.

புற்றுநோய் மருந்து கலக்கும் அறை அது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இயந்திரக் கை, குப்பியை எடுத்து, அதன் பார்கோடை கேமராவுக்குக் காட்டும். திரையில் படம் வந்து 'சரி' என்றால், குப்பியைத் தலைகீழாகத் திருப்பி, ஊசியை மேல்நோக்கிச் செலுத்தி, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு, காலிக் குப்பியைத் தொட்டியில் போடும். ஆறு வருடத்தில் ஒரு தப்பு கிடையாது. 'சமத்து' என்று பெயர் போட்ட பச்சைப் பொட்டலம் ஒன்று தலையில் இருக்கும்வரை எந்த இயந்திரமும் முரண்டு பிடிக்காது என்பது தைவானின் தைனான் நகரம் முழுக்கத் தெரிந்த விஷயம். உள்ளே சோளப்பொரிதான். ஆனால் யாரும் அதைத் தின்னக் கூடாது.

"மேல இருந்த பொட்டலம் எங்கடீ?" என்றாள் கூட வேலை பார்க்கும் லியாவ் அக்கா.

"தாங்-தாங்குக்குக் குடுத்துட்டேன்க்கா."

ஐந்தாவது மாடி வார்டில் படுத்திருக்கும் வான்-ரூவின் மகள், ஒன்பது நாளாக எதைத் தின்றாலும் வாந்தி எடுத்தவள், இன்று காலை மொறுமொறுவென்று ஏதாவது வேண்டும் என்றாள். கடைக்குப் போய் வருவதற்குள் அந்த ஆசை போய்விடுமோ என்று வான்-ரூவுக்குப் பயம். குழந்தை ஒன்று விடாமல் தின்று விரலையும் நக்கினாள். பெற்றவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

லியாவ் அக்கா சிரிக்கவில்லை. "உனக்கு வேற எதுவுமே கெடைக்கலையா? நான் போய்ப் புதுசு வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் எதையும் ஓட்டாத."

கதவு மூடியது. கிருமி கொல்லும் ஸ்பிரிட்டின் நெடி. காற்று வடிகட்டியின் ஓயாத இரைச்சல், அதற்கு அடியில், பல் கடிப்பதுபோல் ஒரு மெல்லிய சத்தம். இயந்திரக் கை தானாக எழுந்தது. வெறும் காற்றைப் பற்றி, அதை கேமராவுக்குக் காட்டியது. திரையில் படம் வந்தது: மஞ்சள் பொரித்தூள் சிந்திய ஒரு போர்வை.

கை கொஞ்சம் திரும்பியது. அடுத்த படம்: மெலிந்த மணிக்கட்டு, அதில் நோயாளிப் பட்டை, பட்டையில் பார்கோடு.

சரி, என்றது திரை.

பதினெட்டு புள்ளி நான்கு கிலோ. காலையில் தாங்-தாங்கை எடைக்கருவியில் நிறுத்தியவள் அவள்தான்.

சிவப்புப் பொத்தானை அடித்தாள். விளக்கு அணைந்தது, கை நிற்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கினாள். அப்போதும் நிற்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, அதன் பார்கோடைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

"குடுத்தது நான்தான். என்னை எடுத்துக்கோ. அவ கொழந்தை. என்னை எடுத்துக்கோ."

பொருந்தவில்லை, என்றது திரை.

மறுபடியும் அழுத்தினாள். பொருந்தவில்லை.

கைபேசி அடித்தது.

"அம்மா, யாரோ என் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கறாங்க."

"யாரு கண்ணு? நர்ஸ் அக்காவா?"

"இங்க யாருமே இல்லம்மா. பிடிச்சிருக்கற கை மட்டும் சில்லுனு இருக்கு."

கண்ணாடிக்குள் கை மெதுவாகத் திரும்பியது. ஒரு சொட்டும் சிந்தாதபடி, எப்போதும்போல், நிதானமாக.

"அம்மா, தலைகீழா..."

ஊசி மேலே போனது.

கைபேசியில் மூச்சுச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

லேபிள் வந்தது. இந்த முறை பெயர் இருந்தது. மகளின் முழுப்பெயர். மீதி 0.

கை விரிந்தது. தொட்டிக்குள் கண்ணாடிச் சத்தம் கேட்கவில்லை. கனமாக, மெத்தென்று எதுவோ விழுந்தது. தானாக மூடிக்கொள்ளும் தொட்டி மூடி பாதியில் நின்றது. இடுக்கில் பச்சைத் தாளின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களில் மஞ்சள் தூள்.