விரல் படாத பொத்தான்கள்

கழுவிக் காயவைத்த பொத்தான்களில் ஒன்றின் மேல் மட்டும் மறுபடியும் கிரீஸ் கறை இருந்தது.

வசந்தகுமாரி துண்டைத் தன் பக்கம் இழுத்து, ஜன்னலில் மிச்சமிருந்த மழை வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். பழைய மேசைக் கால்குலேட்டரின் பொத்தான்களைக் காலையில்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பல் பிரஷால் தேய்த்து, துண்டில் வரிசையாகப் பரப்பியிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஐந்தின் மேல் ஒரு கறை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். இப்போது அதே ஐந்து, அதே குழி, அதே கறுப்பு. அதுவும் வெறும் அழுக்கு இல்லை, சுழி சுழியாக ரேகை தெரிகிற விரல் நுனி. மூக்கருகே கொண்டுபோனாள். சூடேறிய இரும்பும் பழைய எண்ணெயும் கலந்த வாசம். கௌதமின் பனியனை எத்தனை தடவை அலசினாலும் போகாமல் இருந்த வாசம் அது.

கௌதம் அவளுடைய தம்பி. கீழே கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். மாடியறைப் பக்கம் அவன் வருவதே இல்லை. வந்திருந்தாலும் அவனுடைய வலக்கை இந்த ரேகையை வைத்திருக்க முடியாது. அந்தக் கையில் கட்டைவிரலைத் தவிர வேறு விரல் கிடையாது.

எலி கிலி உருட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எலிக்கு ரேகை ஏது என்று மனசு உடனே எதிர்க்கேள்வி போட்டது. சனியன் என்று திட்டிவிட்டு மறுபடியும் துடைத்தாள்.

காலையிலிருந்தே அவள் கோபமாகத்தான் இருந்தாள். காலையிலிருந்து என்ன, ஆறேழு வருஷமாக அதே கோபம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தவள் அவள். கம்பெனியை மூடியதும், அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்த வீட்டின் மாடியில் பழைய கால்குலேட்டர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தாள். பழசைச் சேர்த்துவைக்கிற பைத்தியங்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்புவார்கள், இவள் உயிர் கொடுத்துத் திருப்பி அனுப்புவாள். இந்தப் பெட்டியை அனுப்பியவன் பெயர் விக்ரம். அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரைப் படித்தபோது அவளுக்குக் காது அடைத்துப்போனது. கௌதமின் விரல்களைத் தின்ற பிரஸ் ஷாப் அது.

தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஒரு பட்டனை அமுக்கி, அதன் இடுக்கில் ஒரு குச்சியைச் செருகிவிட்டால் ஒரு கை மிச்சமாகும். அந்தக் கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம், வேலை பறக்கும். அந்த ஷாப்பில் எல்லா மெஷினிலும் குச்சி. செருகச் சொன்னது முதலாளி. மாட்டிக்கொண்டது கௌதம். "பையன் கவனம் இல்லாம இருந்துட்டான்மா" என்று ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னவரும் அவர்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள். கௌதம் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. இந்தப் பக்கத்து டீக்கடைகளில் கிளாஸைப் பிடிக்கிற கையைப் பார்த்தே யார் யார் அந்த ஷாப்பில் இருந்தவர்கள் என்று சொல்லிவிடலாம்.

முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அவர் மேசையில் இருந்த இந்தக் கால்குலேட்டர், அவர் போன அன்றோடு நின்றுவிட்டதாம். மகன் விக்ரம் சென்னீர்குப்பத்தில் புது யூனிட் திறக்கிறான். "ரிசப்ஷன்ல வைக்கப் போறோம் மேடம். வர்ற கெஸ்ட் எல்லாரும் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும், அப்பா ஞாபகமா," என்று போனில் சொன்னான். அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சரி செய்து, திறப்பு விழாவுக்குத் தானே எடுத்துப்போய், மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்கள் நடுவில் வைத்து, இதை அமுக்கின கை எத்தனை பேர் கையை எடுத்தது தெரியுமா என்று கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டாள். தம்பியிடம் மூச்சுவிடவில்லை. அவன் இப்போதுதான் இடக்கையால் சாப்பிட, எழுத, சிரிக்கக்கூடப் பழகியிருந்தான். அவனை மறுபடியும் அந்த வலிக்குள் தள்ளக்கூடாது என்பதில் மட்டும் அவள் கவனமாக இருந்தாள்.

பொத்தான்களைப் பொருத்தி, மேல்மூடி போடாமலே பிளக்கைச் செருகினாள். கண்ணாடிக் குழாய் மெல்லச் சூடாகி, ஏரிப் பாசியின் நிறத்தில் ஒரு சைபர் தெரிந்தது. எல்லாக் கோடும் எரிகிறதா என்று பார்க்க எட்டை அமுக்கி அமுக்கி வரிசை முழுக்க நிரப்பினாள். எல்லாம் எரிந்தது. எவ்வளவு கோபம் இருந்தாலும், செத்த பெட்டி ஒன்று கண் திறக்கிற அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும். இன்றைக்கும் வந்தது. அழித்துவிட்டு, ஸ்குரு டிரைவரை எடுக்கத் திரும்பினாள்.

டிக் என்றது.

திரும்பிப் பார்த்தாள். திரையில் ஐந்து.

பழைய மெஷின்தானே, உள்ளே ஈரம் தங்கியிருக்கும், தானாகத் தொடுப்பு விழும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அழித்தாள். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது, கீழே டிவியில் யாரோ சிரித்தார்கள், ஏரியிலிருந்து வருகிற சேற்று வாடைக்கு நடுவே அந்த இரும்பு எண்ணெய் வாசம் ஒரு நூல் மாதிரி இழைந்து வந்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஐந்தாம் பொத்தான் நிதானமாகக் கீழே இறங்கி, டிக் என்று தொட்டு, மேலே வந்தது. ஈரத்தால் எண் விழலாம். பொத்தான் இறங்காது.

அப்புறம் ஆறு. பிறகு எட்டு. மறுபடி ஐந்து, ஐந்து, ஆறு. ஒரே சீராக இல்லை. நிறுத்தி, துள்ளி, இரண்டைச் சேர்த்துப் போட்டு, மறுபடி நிறுத்தி. இந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு, நாலு விரலாலும் தட்டி, தெருவே கூடி நிற்கக் கானா பாடுவானே கௌதம், அந்தத் தாளம். ஆறேழு வருஷமாக இந்த வீட்டில் கேட்காத தாளம்.

"அக்கா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "இன்னாக்கா பண்றே மேல?"

"ஏன்டா?"

"ஒண்ணுமில்ல. வெரலு அரிக்குது. இல்லாத வெரலு. ரொம்ப நாளா இப்டி வந்ததேயில்ல." சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. "நல்லாத்தான் கீதுக்கா. தாளம் போடற மாரி கீது."

அவளுக்குப் பயம் வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. விரலை எடுத்தார்கள், போகட்டும், புதைத்தார்களா எரித்தார்களா என்று அவள் எத்தனையோ இரவு நினைத்து அழுதிருக்கிறாள். இங்கே, இந்தக் கிழவன் பெட்டிக்குள் வைத்து, இன்னமும் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இல்லை. இது மெஷின். மெஷினில் எங்கேயோ கோளாறு. அவளுக்குத் தெரிந்த வேலையை அவள் செய்வாள். மேல்மூடி திறந்தே இருந்தது, மீட்டரை எடுத்தாள். ஐந்தாம் பொத்தானின் தொடுப்பை அளக்க வேண்டும். அளக்க இரண்டு கையும் வேண்டும், பொத்தானை அமுக்கி வைக்க மூன்றாவது கை இல்லை. அதற்கு ஒரு வழி உண்டு. எத்தனையோ வருஷமாகச் செய்கிற வழி. பொத்தானை அமுக்கி, தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து இடுக்கில் செருகினாள்.

கீழே கௌதம் அலறினான்.

அவள் படியில் இறங்கி ஓடினாள். தரையில் சுருண்டு கிடந்தான். வலக்கையை மார்போடு அணைத்திருந்தான். ரத்தம் இல்லை. ஆனால் தழும்பு முழுக்கக் கன்றிச் சிவந்து, புதுப் புண் மாதிரி துடித்தது.

"மாட்டிக்கிச்சுக்கா! மெஷின்ல மாட்டிக்கிச்சு! எட்றா, எட்றா!"

குச்சி.

மேலே ஓடி அதைப் பிடுங்கினாள். கீழே அலறல் நின்றது. அவன் விசும்புகிற சத்தம் மட்டும் படியேறி வந்தது. கையிலிருந்த தீக்குச்சியைப் பார்த்தாள். அவர்கள் செய்ததையே அவளும் செய்திருக்கிறாள், அதே போல, யோசிக்காமல். சுத்தியலை எடுத்து ஒரே போடாகப் போட்டு நொறுக்கிவிடக் கை பரபரத்தது. ஒரு தீக்குச்சிக்கே இப்படி என்றால் சுத்தியலுக்கு?

பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை அணையவில்லை. பச்சை வெளிச்சம் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கூடினது மாதிரியும் இருந்தது. ஐந்து இறங்கியது. கூடவே ஒன்று. கூடவே ஏழு. ஒரு கை இல்லை இப்போது. பல கை. தாளம் இல்லை. வேகம் மட்டும். டிக்டிக்டிக்டிக். கழுவின பொத்தான்கள் எல்லாவற்றிலும் கறுப்பு ரேகை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுழி.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

அவள் கீழே வந்தபோது விக்ரம் குடையோடு உள்ளேயே வந்துவிட்டிருந்தான். முப்பது வயசு இருக்கும். பட்டு வேட்டி. "மேடம், சாரி, சொல்லாம வந்துட்டேன். நாளைக்கு நல்ல நேரம் இல்லையாம். இன்னிக்கே வெச்சுடணும்னு அம்மா சொல்லிட்டாங்க." தரையில் கிடந்த கௌதமைப் பார்த்தான். "இவருக்கு என்ன ஆச்சு?"

"உங்கப்பன் ஷாப்புல ஆனதுதான்," என்றாள். நினைத்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அந்தப் பொட்டிய குடுக்க மாட்டேன். போயிடு."

அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவன் வந்திருக்கவும் இல்லை. மேலே டிக்டிக் என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. "வேலை செய்யுதே!" என்று படியேறினான். அவள் பின்னாலேயே ஓடினாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். அவள் மறுமுனையைப் பிடித்தாள்.

"விடுங்க மேடம். இது எங்க பொருள்."

"எங்க பொருளும் உள்ள கீதுடா, பாவி!"

இழுத்தாள். அவனும் இழுத்தான். அவன் உள்ளங்கை பொத்தான்கள் மேல் அழுந்தியது. கீழே கௌதம் மறுபடி அலறினான். இன்னும் இறுக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

விட்டுவிட்டாள்.

அவன் படியிறங்கினான். காரில் ஏறினான். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

கூடத்தில் கௌதம் எழுந்து உட்கார்ந்திருந்தான். அலறவில்லை. வலக்கையை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை மெல்ல உயர்ந்தது. நேராக நீண்டது. வாசலைப் பார்த்து.

"அக்கா," என்றான். "யாரோ என் வெரல புடிச்சிக்கினு கீறாங்க."

கார் கிளம்பியது.

அவன் தோள் முன்னால் வெட்டி இழுபட்டது. எழுந்தான். அவன் எழவில்லை, அவனை எழுப்பினார்கள். கால் தரையில் தேய்ந்தது. அவள் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தது. வாசற்படி. கேட். மழை.

"உட்றாதக்கா."

"உட மாட்டேன். உட மாட்டேன்டா."

ஏரிக்கரை ரோட்டில் காரின் சிவப்பு விளக்கு ஊர்ந்து போனது. அதன் பின்னால் அவன், கையை நீட்டியபடி. அவனைப் பிடித்தபடி அவள். செருப்பில்லாத காலில் கல் குத்தியது. அவள் வீட்டு வரிசையில் ஒரு கேட் திறந்தது. லுங்கி கட்டிய ஒருவர் வெளியே வந்தார். இடக்கையில் சோறு ஒட்டியிருந்தது. வலக்கை நேராக நீண்டிருந்தது, மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

இன்னொரு கேட். இன்னொரு சந்து. நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு பெண். கண்ணாடி போடாத ஒரு கிழவர். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஒருவன். ரோடு நிறைந்துகொண்டே வந்தது. எல்லோருக்கும் கை முன்னால். எல்லோர் கண்ணும் திறந்திருந்தது.

அவள் உதவிக்குக் கத்தினாள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. மழையில் நனைந்தபடி, ஒருவர் பின் ஒருவராக, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டவர்கள் மாதிரி வேகமாக நடந்தார்கள்.