எண்ணூறு கிலோமீட்டர்

மாலை ஏழரை. பல் டாக்டரின் மனைவி கிளினிக் கதவைத் தள்ளினாள். நோயாளிகள் சாயும் நாற்காலியின் இரும்புப் பாதத்தருகே டாக்டர் கிடந்தார். தலையைச் சுற்றி ரத்தம், உடைந்த கண்ணாடி. பின்னால் கைப்பெட்டியோடு நின்ற தம்பி, "பார்க்காதேக்கா!" என்று அவள் கண்ணைப் பொத்தினான்.

எட்டு மணிக்குப் பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆறு நாற்பதுக்குக் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டதாகப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னார். டாக்டர் ஏதோ கை தவறிப் போட்டுவிட்டார் என்று நினைத்தாராம்.

மயக்க மருந்து அலமாரி பாதிக்கு மேல் காலி. பூட்டு உடையவில்லை.

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"அவர்கிட்ட ஒண்ணு. கிளினிக்கைப் பார்த்துக்கிற என் தம்பிகிட்ட ஒண்ணு. ஆனா மேடம், அவன் அப்ப வானத்துல இருந்தான்! அஞ்சு மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்கு இறங்கற விமானம். நானே போய்க் கூட்டிட்டு வந்தேன்."

"ஏர்போர்ட்டுக்குள்ளேயிருந்து அவர் வர்றதைப் பார்த்தீங்களா?"

"இல்ல, நான் போறப்பவே வெளியில நின்னுட்டிருந்தான். 'ஜன்னல் சீட்டுக்கா, சக்கரம் தரையைத் தொடறப்ப வெயில் கண்ணைக் கூசிடுச்சு'ன்னான். எப்பவும் இப்படித்தான், வாய் ஓயாது."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "நீங்க போனப்ப வெயில் இருந்துச்சா?"

"எங்கே? நல்லா இருட்டிடுச்சு. விளக்கைப் போட்டுத்தான் காரை ஓட்டினேன்."

"அவர் விமானம் ஏறின ஊருக்கும் நம்ம ஊருக்கும் எவ்வளவு தூரம்?"

"எண்ணூறு கிலோமீட்டர் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் விமான நிலையத்துக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் தம்பியைக் கூப்பிட்டார்.

"விமானம் எப்ப இறங்குச்சு?"

"ஏழுக்கு."

"அது டிக்கெட்ல இருக்கிற நேரம். எண்ணூறு கிலோமீட்டர் பறக்க ஒரு மணி பத்து நிமிஷம் போதும். ஓடுபாதைக்குக் காத்துக் கிடக்கிறது, வட்டமடிக்கிறது எல்லாத்தையும் சேர்த்துத்தான் ரெண்டு மணின்னு போடுறாங்க. இன்னிக்கு எங்கேயும் காத்திருக்கல, ஆறு பத்துக்கே இறங்கியாச்சு. ஏர்போர்ட்லேருந்து இங்கே வரக் கால் மணி நேரம். வந்துட்டு, அக்கா வர்றதுக்குள்ள திரும்பிப் போய் நின்னுட்டீங்க. ஏழு மணிக்கு எந்த வெயில் உங்க கண்ணைக் கூசுச்சு?"

தம்பி அவரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தான்.

"நான் மருந்தை வெளியில வித்தது அத்தானுக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. போலீசுக்குப் போவேன்னாரு. கெஞ்சத்தான் வந்தேன். கையை உதறினாரு... தள்ளிட்டேன்."

கார் பயணம் முழுக்க அவன் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தது அவள் காதில் ஒலித்தது.

"நீ விட்டுட்டுப் போறப்ப அவருக்கு மூச்சு இருந்துச்சாடா?"

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான்.

"சொல்லுடா!"

"உன் பேரைச் சொல்லிட்டிருந்தாரு, அக்கா."