யாருடைய சிறுநீரகம்?

1998 பிப்ரவரி, புதன்கிழமை காலை பத்தரை மணி. திண்டுக்கல்லில் டாக்டர் ஞானராஜின் அறைக்குள் அகரத்துப் பூ விவசாயி ராயப்பராஜ் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி சவரியம்மாள், புருஷனின் பழைய தோல்செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்து பக்கத்தில் அமர்ந்தாள். மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருக்கும் ராயப்பராஜின் தங்கை ஆனந்தமேரி லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள்.

“பதினைஞ்சு வருசச் சர்க்கரை உங்க கிட்னியைத் தொட்டிருச்சு” என்றார் டாக்டர். “யூரின்ல புரதம் எக்கச்சக்கமா போகுது. நல்ல கிட்னி அதை வெளியே விடாது.”

சொல்லிவிட்டு ராயப்பராஜின் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். வீக்கமில்லை. பிரஷர் சரியாக இருந்தது. ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் இரண்டும் அளவோடு இருந்தன.

“எதுவும் எதோடயும் சேர மாட்டேங்குதே” என்றார்.

ஆனந்தமேரி டாக்டரின் மேசைப் பக்கம் குனிந்தாள். முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் சாட்சிகளை எத்தனையோ பார்த்திருக்கிறாள். ஒரே உடம்பில் ரத்தம் ஒன்றும் சிறுநீர் வேறொன்றும் சொல்வதை இப்போதுதான் பார்க்கிறாள். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. சிறுநீரில் சர்க்கரை இல்லை.

“இம்புட்டுச் சர்க்கரை இருந்தா யூரின்ல இறங்காதா சார்?”

“இறங்கணும். எனக்கும் அதான் இடிக்குது. இங்கேயே இன்னொரு தடவை கொடுக்கச் சொல்லுங்க.”

“இப்ப வராது” என்றார் ராயப்பராஜ், அவசரமாக.

அந்த அவசரம் ஆனந்தமேரிக்குப் போதுமாயிருந்தது. இருவரையும் வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

“பாட்டிலக் குடுத்தது யாருண்ணே?”

“நாந்தான்.”

“உள்ள இருந்தது யாரோடது?”

ராயப்பராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வீட்ல ரெண்டு பேருதான் இருக்கீங்க.”

“அவரு கெஞ்சுனாரு மேரி” என்றாள் சவரியம்மாள். “நானும் புடிச்சுக் குடுத்தேன்.”

ராயப்பராஜ் தூணைப் பார்த்தபடி பேசினார். “ஒண்ணுக்குல சர்க்கரை ஏறுனது தெரிஞ்சா தெனமும் ஊசி போட்டுருவாங்கன்னு பயந்தேன். ரத்தமும் எடுப்பாங்கன்னு நெனக்கல. இவளுக்குத்தான் ஒரு நோவும் கெடையாதே.”

“கிட்னி கெட்டுருச்சுன்னாரே, அப்பவாச்சும் சொல்ல வேணாமா?”

“நல்லா இருக்கறவளுக்கு எப்படிக் கெடும்? லேப்காரன் மாத்திப்புட்டான்னு நெனச்சேன்.”

ஆனந்தமேரி அண்ணியின் பாதங்களைப் பார்த்தாள். அந்த அகலச் செருப்பின் வாரும் சதையில் பதிந்திருந்தது.

“ஒங்க செருப்பு எங்க மதினி?”

“நொழைய மாட்டேங்குது. நின்னே பூப்பறிக்கிறோம்ல, அதான்.”

டாக்டர் செய்ததுபோலவே கணுக்காலை அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் குழி மேலெழவில்லை.

“ஒண்ணுக்கு நுரைச்சுப் போகுதா?”

“சோப்புத் தண்ணி கணக்கா. எல்லாருக்கும் அப்படித்தான்னு இருந்தேன்.”

பதினொன்றேகால் மணிக்கு மறுபடி டாக்டர் முன்னால் நின்றார்கள்.

“லேப் மாத்தல சார், அண்ணன்தான் மாத்திருக்காரு. அந்தக் கிட்னி மதினியோடது. சர்க்கரைக்காரருன்னு அண்ணனையே பாத்துக்கிட்டிருந்தோம். மதினிய ஒருத்தரும் ஒரு தடவகூடச் சோதிச்சதில்ல.”

சவரியம்மாளுக்கு நூற்றெழுபது பிரஷர். சர்க்கரையும் இருந்தது, காலைச் சிறுநீரில் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு ஏறாமல், பல வருடமாக ஓசையின்றி இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“கெட்டது திரும்பாதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம். பிரஷரையும் சர்க்கரையையும் ஏறவிடக் கூடாது. உப்பைக் குறைங்க. மூட்டுவலிக்குக் கடையில கண்ட மாத்திரை வாங்கிப் போடாதீங்க. மாசாமாசம் வந்து காட்டுங்க.”

சவரியம்மாள் குழம்பிப் போய் அவரையே பார்த்தாள். “அப்ப இவருக்கு ஒண்ணுமில்லயா?”

“இவரோடதை இனிமேதான் பார்க்கணும்.”

ராயப்பராஜ் எழுந்து காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு கழிவறைக்கு நடந்தார். ஆனந்தமேரி பின்னாலேயே போய்க் கதவருகே நின்றாள்.

“நம்பிக்கை இல்லயா மேரி?”

“இல்லண்ணே.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கதவைத் தட்டாமல் காத்து நின்றாள்.