தண்ணீர் போகும் இடம்

காலை ஆறு மணிக்கு எல்லா வண்டிவீடுகளிலும் ஒரே நேரத்தில் பச்சை விளக்கு எரியும். அதன் பிறகுதான் சுழல்நீர்ப் பெட்டியின் குழாய் திறக்கும். இசக்கியம்மாள் தன் டம்ளரை நீட்டினாள். அவளுக்கு உரியது விழுந்தது. கணவர் தளவாயின் டம்ளரை நீட்டினாள். அவருக்கு உரியது விழுந்தது. அதில் ஒரு சொட்டு விளிம்பைத் தாண்டித் தரையில் தெறிக்க, அவள் பாய்ந்து துணியால் ஒற்றிப் பெட்டியின் வாயில் பிழிந்தாள். இது அவள் மட்டும் செய்வதில்லை. எந்த வண்டியில் சொட்டு சிந்தினாலும் பக்கத்தில் இருப்பவர் துணியோடு ஓடி வருவார். கைக்குழந்தைகள் நடக்கப் பழகும் முன்பே இதைப் பழகிக்கொள்கின்றன.

குடித்தது, துடைத்தது, கழித்தது எல்லாமே பெட்டிக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். வண்டியின் தரைகூடப் பெட்டியின் வாயை நோக்கித்தான் சரிந்திருக்கும். நேற்றைய தண்ணீர்தான் இன்றைய தண்ணீர், போன வருடத்துத் தண்ணீரும் அதுதான். நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் நிலத்தடி நீர் வற்றி ஊர்களை ஒவ்வொன்றாக மூடியபோது வந்த ஏற்பாடு இது. மக்கள் வண்டிகளில் ஏறினார்கள். வரிசை வரிசையாக ஒரு நிரப்பகத்திலிருந்து அடுத்த நிரப்பகத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அங்கே பெட்டியை எடை போட்டு, இயல்பாகக் குறைந்ததை மட்டும் ஊற்றித் தருவார்கள்.

இசக்கியின் வரிசையில் நாற்பத்தொரு வண்டிகள். இப்போது கடற்கரைச் சாலையோரம், வேம்பாற்றுக்குத் தெற்கே நிற்கின்றன. தரைதொடாச் சட்டம் எல்லோருக்கும் மனப்பாடம். தண்ணீர் மண்ணைத் தொடக்கூடாது. பெட்டியில் தண்ணீர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காற்றிலிருக்கும் ஈரம்கூட வரிசைக்குச் சொந்தம். தவறிய வண்டியை அடுத்த நிரப்பகத்தில் வரிசையிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறக்கிய வண்டிக்கு யாரும் நிரப்பித் தர மாட்டார்கள். அதற்குமேல் அந்த வண்டி என்ன ஆகும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தளவாய் ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்தார். ஈரல் கெட்டுவிட்டது, இனி மாதக்கணக்கில்தான் என்று மருத்துவ வண்டி சொல்லிவிட்டு, மருந்து வைக்க ஒரு சின்னக் குளிர்ப்பெட்டியைத் தந்துவிட்டுப் போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பத்தொன்பதாம் வண்டியில் ஒரு சாவு விழுந்தது. சாவு வீட்டில் பெண்கள் செய்யும் சடங்கு நீர்மாலை. முன்பெல்லாம் உறவுக்காரப் பெண்கள் வரிசையாகப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து இறந்தவரைக் குளிப்பாட்டுவார்கள். இப்போதும் வரிசையாகத்தான் போகிறார்கள், காலி டம்ளரோடு. குளியலுக்குப் பதிலாக வந்த வறள்தூள் போட்டுத் துடைத்த உடம்பின் மேல் காலி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வருகிறார்கள்.

இசக்கியும் கவிழ்த்துவிட்டு வந்தாள். தளவாய் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மெதுவாகக் கூப்பிட்டார்.

"எனக்கும் இப்படித்தான காத்தை ஊத்துவீக?"

"என்ன பேச்சு பேசுதீங்க."

"செத்த பொறவு தண்ணியவே ஊத்துனாலும் எனக்கா தெரியப்போவுது? உசுரோட இருக்கையிலேயே ஒரு தடவை தலைக்கு ஊத்திரு, இசக்கி. மண்டையில தண்ணி விழுந்து காதுக்குள்ள சத்தம் கேக்கணும். அது போதும்."

அறுபது வயது மனிதர், பதினைந்து வயதுவரை குளித்தவர். அவளுக்கு அப்போது மூன்று வயது. தலைக்கு ஊற்றிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனாலும் இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் பொருள் அது.

மறுநாள் குளிர்ப்பெட்டியின் பின்பக்கம் போனாள். கடல் காற்றில் அதன் சுருள் வியர்த்து, அடித்தட்டில் சொட்டிச் சொட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. சுழல்நீர்ப் பெட்டிக்கும் இதற்கும் ஒட்டு உறவு இல்லை. தட்டை எடுத்துவிட்டு ஒரு டம்ளரை வைத்தாள். ஒரு நாளைக்கு முக்கால் டம்ளர் விழுந்தது. கட்டிலுக்கு அடியில் இருபது லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று மெல்ல நிறைய ஆரம்பித்தது. சீயக்காய்ப் பொடி போட்டு எத்தனை முறை குலுக்கித் துடைத்தாலும் அதில் நல்லெண்ணெய் வாடை போகவில்லை.

"போட்டும். எண்ணெய்க் குளியல்னு வச்சுக்கிடுவோம்," என்றார் தளவாய். "சனிக்கெழமையாப் பாத்து வையி."

கேன் நிறைந்தால் மட்டும் போதுமா? மோந்து ஊற்றலாம் என்றால் கை வேண்டும். அவரால் உட்கார முடியாது. முதுகைத் தாங்க ஒரு கை, சாய்கிற தலையைப் பிடிக்க ஒரு கை என்று இரண்டும் போய்விடும். அவளிடம் மிச்சம் இருந்தது கால் மட்டும்தான். வண்டியில் வயர் மாற்றுவது, கசிவு அடைப்பது எல்லாம் அவள் பாடுதான் என்பதால், யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்து வண்டி ரோஸ்லினின் சாமான் பெட்டியில் ஒரு ரப்பர்க் கால் பம்பு கிடந்தது. பழைய உல்லாசப் பயண வண்டிகளில் பாத்திரம் கழுவ வைத்திருந்தது. மிதித்தால் தண்ணீர் ஏறும்.

"எதுக்கு மதினி இது?"

"ஒரு சோலி இருக்கு."

ரோஸ்லின் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியே தளவாயின் கட்டில் பக்கம் பார்த்தாள். "திருப்பித் தர வேண்டாம்," என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

ரப்பரில் ஒரு வெடிப்பு இருந்தது. சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிச் சொல்யூஷன் தடவி ஒட்டினாள். கேன் மூடியில் துளை போட்டு, அடிவரை போகும்படி ஒரு ஹோஸை இறக்கி, பம்போடு கிளிப் போட்டு முறுக்கினாள். முதல் நாள் மிதித்தபோது காற்றுதான் வந்தது. மூட்டில் வெள்ளை டேப் சுற்றியதும் தண்ணீர் ஏறியது, ஆனால் காலை எடுத்ததும் சரசரவென்று கேனுக்கே திரும்பிவிட்டது. அதற்கு ஒருவழி வால்வு வேண்டியிருந்தது. அதைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. கடைசியில் ஹோஸின் மறுமுனைக்கு வறள்தூள் டப்பாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள். தூள் விழுவதற்கென்று அதில் ஏற்கெனவே துளைகள் இருந்தன. குளியலை ஒழித்துக்கட்டிய சாமானே குளியலுக்கு உதவியதில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி.

தண்ணீர் வரும் வழி முழுவதையும் அவள் யோசித்து முடித்திருந்தாள்.

நாலைந்து மாதம் கழித்து, கேன் நிறைந்த வாரத்துச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆண்கள் சூரியத்தகடு துடைக்கப் போயிருந்த நேரம், கதவைச் சாத்தினாள். தளவாயைத் தரையில் பலகை மேல் இறக்கித் தன் மார்போடு சாய்த்துக்கொண்டாள். ஆளே எடையில்லாமல் இருந்தார். ஹோஸைத் தலைக்கு மேலே கொக்கியில் மாட்டியிருந்தாள். வலது காலால் மிதித்தாள்.

தண்ணீர் அவர் உச்சியில் விழுந்தது.

தளவாய் மூச்சை இழுத்துப் பிடித்தார். பிறகு வாயைத் திறந்து, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கினார். அவருடைய தோளிலிருந்து வழிந்து அவளுடைய புடவையும் நனைந்தது. உடம்பில் இத்தனை தண்ணீர் படுவது இசக்கிக்குப் பயமாகத்தான் இருந்தது, பின்பு பயமாக இல்லை.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குதுளா."

அப்போதுதான் சுழல்நீர்ப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். இசக்கி திரும்பிப் பார்த்தாள். சரிவில் ஓடிய தண்ணீர் முழுக்கப் பெட்டியின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஊற்றிய தண்ணீர் எங்காவது போயாக வேண்டும் என்பது இத்தனை மாதத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் அறிந்த காலத்தில் தண்ணீர் எங்கும் போனதில்லை.

வரிசையின் நீர்ப்பார்வையாளன் செல்வின் கதவைத் திறந்துகொண்டு வந்தான். முப்பது வயதுக்காரன், எப்போதும் தோளில் ஒரு துண்டு. "யக்கா, ஒங்க பெட்டி பத்து லிட்டர் கூடக் காட்டுதே. எங்கன இருந்து..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டும் மனிதனை அவன் பார்த்ததே இல்லை.

தளவாய்தான் பேசினார்.

"தம்பி, இன்னும் பாதிக் கேன் கெடக்கு. அதையும் ஊத்தி முடிச்சிரட்டும். பொறவு எல்லாத்தையும் சேத்து எழுதிக்கிடுங்க."

செல்வின் பெட்டியின் சத்தத்தை நிறுத்தினான். வெளியே போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். மீதி பத்து லிட்டரும் தீரும்வரை யாரையும் உள்ளே விடவில்லை.

எல்லாம் முடிந்து அவரைத் துவட்டிப் படுக்க வைத்த பிறகு அவன் சொன்னான்: "கூடுனதை எல்லா வண்டிக்கும் பங்கு வைக்கணும். அது சட்டம். வேம்பாத்து நெரப்பகத்துல ஒங்க வண்டிய எறக்கச் சொல்லுவாக. நான் எழுதாட்டாலும் பெட்டியே சொல்லிரும்கா." கொஞ்சம் தயங்கினான். "பெட்டி வாயை அடைச்சிட்டு வாசப்பக்கமா விட்டிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே."

"தண்ணி போறதுக்கு ஒரு எடம் வேணும்னு எனக்குத் தோணலயே தம்பி."

"எனக்கும் இப்பத்தான் தோணுது," என்றான் செல்வின்.

தளவாய் மூன்று நாள் இருந்தார். நன்றாகத் தூங்கினார். நாலாம் நாள் விடியும்போது போய்விட்டார். இசக்கி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியும், இனி தனியாக, இறக்கிவிடப்பட்ட வண்டியில், வற்றப்போகிற பெட்டியோடு இருக்க வேண்டும் என்ற பயமும் அவளுக்குள் மாறி மாறி வந்தன. பச்சை விளக்கு எரிந்தபோது தன் டம்ளரை நீட்டக்கூட அவள் எழுந்திருக்கவில்லை.

எட்டு மணிக்குப் பெண்கள் நீர்மாலைக்கு வந்தார்கள். வழக்கம்போல வரிசை, வண்டிக்கு ஒருத்தி, ஆளுக்கொரு டம்ளர். வழக்கமாக டம்ளரை வீசிக்கொண்டு வருபவர்கள் இன்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தார்கள். இசக்கி அதைக் கவனிக்கவில்லை. முதலில் ரோஸ்லின் உள்ளே வந்து தளவாயின் தலைமாட்டில் குனிந்து டம்ளரைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் விழுந்தது.

இசக்கி நிமிர்ந்தாள். "ரோஸ்லின், என்ன காரியம் செய்யுத? இது ஒன் காலைத் தண்ணியில்லா?"

"எங்க வண்டில எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் ஊத்துனது."

"பெட்டி கொறச்சுக் காட்டுமே. ஒங்களையும் எறக்கிருவாக."

"நாப்பத்தொரு பெட்டியும் கொறச்சுக் காட்டட்டும் மதினி. யாரை எறக்குவாகன்னு பாப்போம்."

அடுத்த டம்ளர் கவிழ்ந்தது. அதற்கடுத்தது. இசக்கியின் கண் தன்னையறியாமல் பெட்டியின் வாய்க்குப் போயிற்று. அதில் ஒரு துண்டு இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது. வாசல் ஓரம் செல்வின் நின்றான். அவன் தோளில் துண்டு இல்லை. பெட்டியின் வாயில் முட்டிய தண்ணீர் திகைத்தது போலச் சற்று தேங்கி, பிறகு வாசலைக் கண்டுபிடித்துப் படியில் இறங்கியது. இசக்கி அப்போதுதான் அழுதாள். அடக்காமல், சத்தம் போட்டு அழுதாள்.

நாற்பதாவது ஆளாகச் செல்வின் வந்தான். நீர்மாலைக்கு ஆண்கள் வருவதில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. தன் டம்ளரைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை உதறினான். பிறகு இசக்கி எழுந்து, இன்னும் வாங்காமல் இருந்த தன் பங்கைப் பிடித்து வந்து, தன் கையால் அவர் தலைக்கு ஊற்றினாள். அந்தத் தண்ணீரும் படியிறங்கிச் சாலையோர மண்ணைத் தொட்டு, அதைக் கறுப்பாக்கி, உள்ளே போயிற்று. வரிசையில் இருந்த அத்தனை பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் துணியை எடுத்துக்கொண்டு ஓடவில்லை.